ஃபவுண்டரிப் புகையும் பிறக்கப்போகும் பிள்ளையும்

14 செப்டம்பர் 2022 (ஒரு வாசகியின் கேள்வி)

வீட்டுக்காரர் கோவையில் ஃபவுண்டரியில் இருக்கிறார். மணலில் அச்சு செய்யும் மோல்டிங் பிரிவு, இரும்பு ஊற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே. இப்போதுதான் குழந்தைக்கு யோசிக்கிறோம். புகையை மூச்சில் இழுத்தால் ஜீனே கெட்டுப்போகும், அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும் என்று சொந்தத்தில் ஒருத்தர் ஃபார்வர்ட் அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து மாமியார் ஒரே அழுகை. இது நிஜமா? வேலையை விடச் சொல்லட்டுமா?

14 செப்டம்பர் 2022, இரவு

இதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் உடம்பில் உள்ள செல்களின் டி.என்.ஏ. சேதமாகுமா என்பது ஒன்று. அந்தச் சேதம் விந்தணு வழியாகப் பிள்ளைக்குப் போகுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில்: ஆகும், அதில் சந்தேகம் வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு: எலியில் காட்டியிருக்கிறார்கள், மனிதரில் நிறுவப்படவில்லை. ஃபார்வர்ட் எழுதியவர் முதலாவதில் இருக்கும் உறுதியை எடுத்து இரண்டாவதின் தலையில் வைத்துவிட்டார்.

வேலையை விடும் பேச்சை இன்றைக்கு எடுக்க வேண்டாம். மாமியாரிடம் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்: ஃபவுண்டரித் தொழிலாளி என்பதற்காக ஒருவருக்குப் பிள்ளை பெறும் தகுதி குறைந்துவிடாது.

15 செப்டம்பர் 2022, காலை

நான் குரோமோசோம் லேபில் பல வருஷம் ஸ்லைடு பார்த்தவள். ஹெப்பாரின் டியூபில் ரத்தம் வரும், 72 மணி நேரம் கல்ச்சர் போடுவோம், செல் பிரியும் நேரம் பார்த்து நிறுத்தி, ஸ்லைடில் சொட்டுவிட்டு ஜிம்சா சாயம் ஏற்றி, குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவோம். திரும்பத் திரும்பக் கரு கலைந்த தம்பதிகள்தான் அதிகம் வருவார்கள். ரத்தம் எடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்கிற ஆண்கள் உண்டு: "நான் லாரி ஓட்டுறேங்க, அதனாலயா?" "வெல்டிங் வேலைங்க, அதுல வந்திருக்குமா?" பக்கத்தில் மனைவி தலைகுனிந்து நிற்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் நான் இல்லை, ரிப்போர்ட்டை டாக்டர்தான் விளக்க வேண்டும். அதனால்தான் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

முதலில் புகை டி.என்.ஏ. வரை எப்படிப் போகிறது என்பது. கரி, டீசல், விறகு, எது அரைகுறையாக எரிந்தாலும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் உண்டாகும். அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது பென்சோபைரீன். தார் கறுப்பாக ஒட்டுகிறதே, அந்தக் குடும்பம். லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்த பையன்களுக்கு வளர்ந்தபின் விதைப்பையில் புற்று வருகிறது என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775-லேயே எழுதினார். தாரிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தெடுக்க 1933 வரை ஆயிற்று.

இதில் கொடுமை என்னவென்றால், பென்சோபைரீன் தானாக டி.என்.ஏ.யைத் தொடுவதில்லை. உடம்புதான் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி வெளியே தள்ளப் பார்க்கிறது. அந்த வேலையின் நடுவில் உண்டாகும் ஒரு வடிவம் டி.என்.ஏ.யின் நாலு எழுத்துகளில் ஒன்றான குவானின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. லேபில் இதை அடக்ட் என்போம். பெரும்பாலும் செல்லே அதை வெட்டி எடுத்துச் சரிசெய்துவிடும். சரிசெய்வதற்கு முன் செல் பிரிந்துவிட்டால், குவானின் இருந்த இடத்தில் தைமின் என்ற வேறு எழுத்து வந்து உட்காரும். அதற்குப் பிறகு அது நிரந்தரம். இந்த அடக்ட், புற்றைத் தடுக்கும் பி53 ஜீனில் எங்கெங்கே அதிகம் ஒட்டுகிறதோ, நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு அதே இடங்களில்தான் அதிகம் மாற்றம் காணப்படுகிறது என்று 1996-ல் காட்டினார்கள். புகைக்கும் புற்றுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மூலக்கூறு அளவில் மூடிய வேலை அது.

இரும்பு, செம்பு கலந்த நுண்துகள் வேறு வழியில் போகும். நுரையீரலில் எதையும் தாக்கும் ஆக்சிஜன் ரேடிக்கல்களைக் கிளப்பி, அதே குவானினைத்தான் சேதப்படுத்தும்.

15 செப்டம்பர் 2022, மாலை

காலையில் பொதுவாக எழுதிவிட்டேன். ஃபவுண்டரிக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது: அச்சு செய்யும் ஈர மணலில் (கிரீன் சாண்ட்) கோல் டஸ்ட் என்ற கரித்தூளைக் கலக்கிறார்கள் அல்லவா, காஸ்டிங் மேற்பரப்பு நன்றாக வருவதற்காக. உருகிய இரும்பு அச்சில் இறங்கியதும் அந்தக் கரித்தூள் காற்று போதாமல் வேகிறது. மேலே சொன்ன ஹைட்ரோகார்பன்கள் அங்கேதான் கிளம்புகின்றன. ஊற்றும்போதும், ஆறும்போதும், அச்சை உடைக்கும்போதும். உங்கள் வீட்டுக்காரர் நிற்கும் இடம் அதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இரும்பு, எஃகு வார்ப்பு வேலையை முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசை 2013-லும் அதே தொகுதிக்குக் கொண்டுவந்தது. முதல் தொகுதி என்றால் 'புற்று உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உள்ளது' என்று பொருள். எத்தனை பேருக்கு வரும் என்பதை அது சொல்லாது. பயப்படுகிறவர்களும் அலட்சியம் செய்கிறவர்களும் இந்த ஒரு விஷயத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

18 செப்டம்பர் 2022

இனி பிள்ளைக்கு இறங்கும் கதை. அந்த ஃபார்வர்டின் வேர் கனடாவில் இருக்கிறது என்பது என் ஊகம், ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கே போனாலும் அங்கே போய்த்தான் நிற்கும்.

ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையில் ஹாமில்டன் துறைமுகம். கரையில் பெரிய உருக்காலைகள். அங்கே கூடுகட்டும் ஹெர்ரிங் கல் என்ற கடற்காகங்களின் குஞ்சுகளில், பெற்றோரிடம் இல்லாத டி.என்.ஏ. மாற்றங்கள் கிராமப்புறக் கூட்டங்களைவிட அதிகம் என்று கரோல் யாக், ஜேம்ஸ் க்வின் இருவரும் 1996-ல் எழுதினார்கள். உடனே ஒரு சந்தேகம் எழும். கடற்காகம் மீன் தின்னும், துறைமுகத் தண்ணீரும் அழுக்கு. கேடு காற்றில் வந்ததா, மீனில் வந்ததா?

அதைப் பிரிக்கத்தான் லேப் எலிகள். ஒரு கூட்டத்தை உருக்காலைக் காற்று வீசும் பக்கமும், மற்றொன்றை சுமார் 30 கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்திலும் பத்து வாரம் வைத்தார்கள். மூச்சைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றே. பிறகு திரும்பக் கொண்டுவந்து இனப்பெருக்கம் செய்யவிட்டு, குட்டிகளின் டி.என்.ஏ.யைப் பார்த்தார்கள். உருக்காலைப் பக்கத்து எலிகளின் குட்டிகளில் மரபுவழி மாற்றம் 1.5 முதல் 2 மடங்கு. கிறிஸ்டோபர் சோமர்ஸ் முதல் ஆசிரியராக 2002-ல் வெளியான ஆய்வு.

எனக்கு அதைவிட முக்கியம் 2004-ல் வந்தது. அதே இடம், அதே காற்று, ஆனால் ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஹெப்பா ஃபில்டர் வழியாக. ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். தந்தை வழியாக வரும் மாற்றம் 52 சதவீதம் குறைந்தது. தாய் வழியில் பெரிய வேறுபாடு இல்லை. ஆண் எலிக்கு விந்தணு வாழ்நாள் முழுக்க உற்பத்தியாகிக்கொண்டே இருப்பதால் அடி அங்கே விழுகிறது என்று புரிந்துகொள்ளலாம். கேட்டைச் சுமந்து வருவது துகள்தான் என்பது இதனால் தெரிந்தது. துகளை நிறுத்த முடியும் என்பதும் அதே சோதனையிலேயே இருக்கிறது. ஃபார்வர்டில் இந்தப் பாதி எப்போதும் காணாமல் போய்விடுகிறது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

19 செப்டம்பர் 2022

"எலிக்கு வந்தால் மனுஷனுக்கும் வரும்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் அளந்தது ஜீன்களை அல்ல, புரதம் எதையும் குறிக்காத, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டுகளை. அவை எளிதில் மாறும், அதனால் குறைந்த எலிகளை வைத்தே வேறுபாட்டைப் பிடிக்கலாம். அந்தக் குட்டிகளுக்கு நோய் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

மனிதரில் பெற்றோரிடம் இல்லாத புது மாற்றங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பல பத்து இருக்கும், காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். அப்பாவின் வயது ஒரு வருஷம் கூடினால் ஏறக்குறைய இரண்டு கூடும் என்று ஐஸ்லாந்துக் குடும்பங்களை வைத்து 2012-ல் கணக்கிட்டார்கள். அணு உலை வெடித்த செர்னோபிலில் துப்புரவு வேலை செய்தவர்களின் பிள்ளைகளை முழு மரபுத்தொகுதி (மொத்த டி.என்.ஏ.) வரிசைப்படுத்திப் பார்த்தபோது, புது மாற்றங்கள் வழக்கத்தைவிடக் கூடவில்லை. 2021-ல் வந்த முடிவு. கதிர்வீச்சும் புகையும் ஒன்றல்ல, அதை இதற்குச் சான்றாக நான் வைக்கவில்லை. எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதற்குச் சொல்கிறேன்.

2 அக்டோபர் 2022

வீட்டுக்காரர் என்ன செய்யலாம் என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். செக் குடியரசில் டெப்லிட்சே என்ற ஊர். பழுப்பு நிலக்கரிப் பூமி, குளிர்காலத்தில் புகை அப்படியே தரையோடு படுத்துவிடும். அங்கே அதே இளைஞர்களிடம் வெவ்வேறு பருவத்தில் விந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். புகை கனத்த காலத்துக்குப் பின் எடுத்த மாதிரிகளில் டி.என்.ஏ. உடைந்த விந்தணுக்களின் பங்கு கூடியிருந்தது. அதே ஆளிடமே காற்றைப் பொறுத்து அளவு மாறுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மனிதனுக்கு ஒரு சுற்று விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம். ஆகவே கருத்தரிக்க முயல்வதற்கு முந்தைய மூன்று மாதம் ஊற்றும் இடத்திலிருந்து தள்ளி, கோர் ஷாப்பிலோ (அச்சின் உள்பாகம் செய்யும் இடம்) ஸ்டோரிலோ டிஸ்பேட்சிலோ மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கோர் ஷாப்பில் ரெசின் வாசம் பலமாக இருந்தால் அது வேண்டாம்.

3 அக்டோபர் 2022

நேற்றையதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஹாமில்டன் குழு 2008-ல் எலிகளைப் புகையிலிருந்து எடுத்துச் சில வாரம் சுத்தமான காற்றில் விட்டபிறகும் பார்த்தது. விந்தணுக்களில் மாற்றம் 1.6 மடங்காகவே இருந்தது. விந்தணுவை உற்பத்தி செய்யும் மூலச் செல்லிலேயே பதிவு விழுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். உடைந்த டி.என்.ஏ. கொண்ட விந்தணு போய்ப் புதிது வரும். மூலச் செல்லில் விழுந்தது அப்படிப் போகாது. மூன்று மாத இடைவெளி பயனுள்ளதுதான், ஆனால் வருஷம் முழுக்கப் புகையில் நின்றுவிட்டு மூன்று மாதத்தில் கழுவிவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊற்றும் இடத்தில் உறிஞ்சுவிசிறி வேலை செய்கிறதா என்பது தினசரிக் கேள்வி.

9 அக்டோபர் 2022

அடுப்புப் புகை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனி இழை வேண்டாம், இங்கேயே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நான் வளர்ந்தது விறகடுப்பில். ஊதுகுழல் எடுத்து அம்மா குனிந்தால் முகம் தெரியாது. சுவரில் கை வைத்தால் கரி. அந்தக் கறுப்பில்தான் நான் பின்னால் லேபில் படித்த மூலக்கூறுகள் எல்லாம் இருந்தன. எங்கள் தெருவில் பெண்கள் இருமினால் 'அடுப்பு இருமல்' என்பார்கள், அதோடு பேச்சு முடியும். அம்மா பீடி சிகரெட்டைத் தொட்டவர் அல்ல. நாங்கள் யாரும் அவர் நுரையீரலை ஒரு தொழிலாளியின் நுரையீரலாக நினைத்துப் பார்க்கவில்லை.

சீனாவில் யுன்னான் மாகாணத்து சுவான்வெய் இந்த விஷயத்தில் உலகமே பார்த்த ஊர். பெண்கள் புகைபிடிப்பதில்லை, ஆனால் நுரையீரல் புற்று நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. காரணம், வீட்டுக்குள் குழி அடுப்பில் புகைபோக்கி இல்லாமல் எரித்த, புகை கக்கும் நிலக்கரி. எழுபதுகளின் இறுதியிலிருந்து புகைபோக்கி வைத்த அடுப்புகள் பரவின. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், அடுப்பு மாற்றியவர்களிடம் நுரையீரல் புற்று நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. பலன் தெரியப் பத்து வருஷம் பிடித்தது, ஆனால் தெரிந்தது. எரிபொருளை மாற்றவில்லை, ஒரு குழாய் வைத்தார்கள்.

விறகுப் புகை முகமையின் பட்டியலில் ஒரு படி கீழே, 'அநேகமாகப் புற்று உண்டாக்கும்' என்ற தொகுதியில் இருக்கிறது. அதற்காக விறகு நல்லது என்று வராது.

கொசுவத்திச் சுருள்: ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று மலேசிய, சீனச் சுருள்களை வைத்து 2003-ல் அளந்தார்கள். கதவை அடைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் வைப்பதை நிறுத்துங்கள். வலை கட்டுங்கள். சாம்பிராணியும் இதே இனம்தான், வெள்ளிக்கிழமை ஒருதரம் போட்டு ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

6 ஏப்ரல் 2023

லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் சார்லஸ் ஸ்வான்டன் குழு போன செப்டம்பரில் பாரிஸ் மாநாட்டில் சொன்னது நேற்று முழு ஆய்வாக வெளிவந்துவிட்டது. இந்த இழைக்கு அது முக்கியம், ஏனென்றால் நான் செப்டம்பரில் வரைந்த படத்தோடு அது ஒத்துப்போகவில்லை.

அவர்கள் சொல்வது: புகைபிடிக்காதவருக்கு வரும் நுரையீரல் புற்று பலவற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீன் மாறியிருக்கும். ஆனால் அதே மாறிய ஜீன், புற்று இல்லாத சாதாரண நுரையீரலிலும் அங்கங்கே ஒன்றிரண்டு செல்லில் இருக்கிறது. வயது ஏற ஏறத் தானாகச் சேர்ந்தது. பார்த்த சாதாரண மாதிரிகளில் 18 சதவீதத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர்., 53 சதவீதத்தில் கே.ராஸ் என்ற இன்னொரு ஜீன் மாறியிருந்தது. நுண்துகள் வந்ததும் நுரையீரலின் பாதுகாப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞையை விடுகின்றன. தூங்கிக்கொண்டிருந்த மாறிய செல் அதைக் கேட்டு எழுந்து பெருகுகிறது. எலியில் அந்தச் சமிக்ஞையைத் தடுத்ததும் கட்டி குறைந்தது.

ஆக, துகள் ஜீனை மாற்றாமலேயே புற்றை வளர்க்கலாம். மருத்துவக் கோணத்தில் இது பெரிய விஷயம். ஆனால் 'அப்படியானால் புகை ஜீனைத் தொடவே இல்லை' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அடக்ட் பொய்யாகிவிடவில்லை. இரண்டு வழியும் ஒரே நுரையீரலில் நடக்கலாம். காத்திருப்போம்.

21 ஆகஸ்ட் 2023

கேள்வி கேட்ட தங்கைக்கு நாலு மாதம். வாழ்த்துகள். இனி அவர் புகையைவிட உங்கள் மூச்சு முக்கியம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிரடெரிக்கா பெரேரா குழு நியூயார்க்கில் கர்ப்பிணிகளிடம் முதுகுப்பையில் காற்று அளக்கும் கருவியைக் கொடுத்து இரண்டு நாள் சுமக்கச் சொன்னது. பிறந்த 60 குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்ததில், தாய் இழுத்த ஹைட்ரோகார்பன் கூடக் கூடக் குரோமோசோம் பிறழ்வும் கூடியிருந்தது. நான் செய்துவந்த அதே கல்ச்சர், அதே ஸ்லைடு வகையறா வேலை என்பதால் அந்த ஆய்வு எனக்கு நெருக்கம். அம்மாக்கள் யாரும் சிகரெட் பிடிப்பவர்கள் அல்ல.

நல்ல செய்தியும் அதே குழுவிடமிருந்துதான். சீனாவில் சோங்சிங் பக்கம் தோங்லியாங் என்ற ஊரில் ஒரு நிலக்கரி மின்நிலையத்தை 2004 மே மாதம் மூடினார்கள். மூடுவதற்கு முன் 2002-ல் பிறந்த குழந்தைகளையும், மூடியபின் 2005-ல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் அடக்ட் குறைந்திருந்தது. மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு தலைமுறைக் குழந்தைகள் போல.

நீங்கள் செய்ய வேண்டியது: கேஸ் அடுப்பானாலும் தாளிக்கும்போது ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும். குப்பை எரிக்கிற பக்கம் போக வேண்டாம். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து அங்கேயே குளித்து உடை மாற்றி வரட்டும், அந்தச் சட்டையை நீங்கள் கையால் உதறித் துவைக்க வேண்டாம். முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்துகளைப் பிடிக்காது. என்-95 பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

6 ஜூலை 2025

காத்திருந்தது வந்திருக்கிறது. புகைபிடிக்காத 871 நுரையீரல் புற்றுநோயாளிகளின் கட்டிகளை 28 இடங்களிலிருந்து சேகரித்து, முழு மரபுத்தொகுதியையும் படித்திருக்கிறார்கள். இந்த மாதம் 'நேச்சர்' அறிவியல் இதழில். காற்று மாசு அதிகமான பகுதிகளில் இருந்தவர்களின் கட்டியில் மாற்றங்கள் மொத்தமாகவே கூடுதல். சிகரெட்டோடு தொடர்புள்ள மாற்றத் தடம் ஒன்று உண்டு, எஸ்.பி.எஸ்.-4 என்பார்கள். சிகரெட்டே பிடிக்காத இவர்களிடம், மாசு அதிகமான பகுதியினருக்கு அது மாசு குறைந்த பகுதியினரைப்போல் 3.9 மடங்கு. பி53 மாற்றமும் கூடுதல். குரோமோசோம் முனையில் உள்ள காப்பு மூடியான டெலோமியர் குட்டை.

எனவே 2023 ஏப்ரல் குறிப்பை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். துகள் தூங்கும் செல்லை எழுப்பவும் செய்கிறது, பாதிக்கப்பட்டவர்களின் டி.என்.ஏ.யில் தடமும் இருக்கிறது. இந்த 871 பேரும் ஏற்கெனவே நோயாளிகள், அவர்கள் வாழ்ந்த பகுதியின் சராசரி மாசை வைத்துத்தான் கணக்கு, ஒவ்வொருவர் மூச்சையும் யாரும் அளக்கவில்லை. அந்த வரம்போடு பார்த்தாலும் எனக்கு இது கனமான சான்று.

13 ஜூலை 2025

தங்கை எழுதியிருக்கிறார்: பையன் நன்றாக இருக்கிறான், ஒரு தனியார் லேபில் 'டி.என்.ஏ. டேமேஜ் பேக்கேஜ்' விளம்பரம் பார்த்தேன், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் எடுக்கலாமா என்று.

வேண்டாம். கேரியோடைப்பில், அதாவது குரோமோசோம்களை வரிசைப்படுத்தி நாங்கள் பார்ப்பதில், டி.என்.ஏ.யின் பல பத்து லட்சம் எழுத்துகள் ஒட்டுமொத்தமாக இடம் மாறினால்தான் தெரியும். ஓர் எழுத்தில் ஒட்டிய அடக்ட் அதில் தெரியாது. செல்லில் டி.என்.ஏ. சேதத்தை அளக்கும் காமெட், மைக்ரோநியூக்ளியஸ் போன்ற சோதனைகள் உண்டு, அவை ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட உதவும். குரோமோசோம் பிறழ்வு அதிகமுள்ள குழுக்களில் பின்னால் புற்று கூடுதலாக வருகிறது என்று ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகனுடைய எண் இது, ஆகவே இன்னது வரும் என்று சொல்லும் அளவுகோல் எதுவும் கிடையாது. எண் கையில் வந்தபின் டாக்டர் எழுதித் தர மருந்தும் இல்லை. மாமியார் மறுபடி அழுவார்.

அந்தப் பணத்தில் பாதி கூட ஆகாது நான் சொல்வதற்கு. தூசியும் புகையும் கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு வேண்டும், கூரையில் சுற்றும் விசிறி அதற்கு ஈடாகாது. ஊற்றும் இடத்தில் புகையைப் பிடிக்கும் ஹூட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, புகை போகும் டக்ட் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று வீட்டுக்காரர் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். தனியாகப் போக வேண்டாம், மோல்டிங்கில் உள்ளவர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மனு. மனுவில் ஜீன், புற்று என்று எதுவும் எழுத வேண்டாம், 'புகை உறிஞ்சும் ஏற்பாடு இல்லை, ஆய்வு செய்யவும்' என்று மட்டும் இருக்கட்டும். வரைவு எழுதி அனுப்புங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.